ஆயரின் அக்கா

தம்பி ஆயராகப் பதவியேற்ற அன்று ஊரே வரிசையில் நின்று முழங்காலிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டது. அவருடைய அக்கா தையல்காரம்மாவின் முறை வந்தபோது அவள் மோதிரத்தை விட்டுவிட்டு அங்கியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்த மடிப்பை எவன் அடிச்சான்? ரெண்டு துவைப்புக்குத் தாங்காது. சாயங்காலம் கழட்டிக் குடு" என்றாள். பக்கத்தில் நின்ற மூத்த குருக்கள் திகைத்துப் போனார்கள். ஆயர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு அந்த உரிமை இருந்தது. அம்மா கண்ணை மூடியபோது இவள் இடுப்புயரம், தம்பி இவள் இடுப்பில். அப்பா ரயில் பட்டறைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரி கற்றுக் கொடுத்த தையலை வைத்துக்கொண்டு ஒரு காலால் மிஷினை மிதித்து, இன்னொரு காலால் தொட்டிலை ஆட்டித்தான் அவனை ஆளாக்கினாள். அவன் குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் போனதும், இவள் கல்யாணம் கட்டியதும், புருஷன் நெஞ்சுவலியில் போனதும், மகன் டயர் கடை வைத்ததும் எல்லாம் அந்த மிஷின் சத்தத்துக்கு நடுவில்தான் நடந்தன.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இரண்டு மிஷின், வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி. மாடியில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருட்டான ஒரு நடை. அதில் கூரைக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு முக்காலி. அதில்தான் காஜாக்காரி உட்காருவாள்.

பொத்தான் துளைக்கு ஓரம் கட்டுவது, பொத்தான் வைப்பது, கைமடிப்பு எல்லாம் அவள் வேலை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் அவள் இவளை "அம்மா, நீங்க" என்பாள். இவள் அவளை "நீ" என்பாள். காஜாக்காரி கறுப்பு, தையல்காரம்மா வெள்ளை. அந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்டதில்லை. கறுப்பர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். காஜாக்காரி காலையில் பாலம் தாண்டி வந்து கொல்லைக் கதவு வழியாக நுழைவாள், சாயங்காலம் அதே கதவு வழியாகப் போவாள். முன்னறையில் உட்கார வைத்தால் அளவு கொடுக்க வருகிற சீமாட்டிகள் முகம் சுளிப்பார்கள். அதனால் நடை. இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவார்கள். புருஷன்மார் குறட்டையிலிருந்து பிள்ளைகளின் பல்வலி வரைக்கும் ஒருத்திக்குத் தெரியாத சங்கதி இன்னொருத்தியிடம் இல்லை.

கோவிலிலும் அப்படித்தான். கறுப்பர்களுக்குத் தூண்களுக்குப் பின்னால் கடைசி பெஞ்சுகள். வெள்ளையர் எல்லோரும் பூசையில் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கி இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் எழுந்து வரலாம். கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமே இல்லை.

ஆயர் திங்கட்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவார். இடுப்புக்கச்சையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு திங்கட்கிழமை தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, உப்பு கூடிப்போச்சா?"

"நேத்து பூசையில நன்மை தீந்துபோச்சு அக்கா."

"தீந்தா என்ன, எப்பவாவது தீரத்தான் செய்யும்."

"எப்பவும் அவங்களுக்குத்தான் தீருது. ஒரு பெரியவர். ரெண்டு கையும் நடுங்குது. கடைசி ஆளா வந்து நாக்கை நீட்டிட்டு நிக்கிறார், பாத்திரம் காலி. கோவில் பணியாள் சர்வசாதாரணமா 'அடுத்த வாரம் பாத்துக்கலாம் போங்க'ன்னு சொல்றான். அவரும் சரின்னு போறார். கோவப்படக்கூட இல்ல. பழகிட்டார்."

"அதுக்காக நீ பட்டினி கிடக்கணுமா?"

ஆயர் நடையை எட்டிப் பார்த்தார். காஜாக்காரி குனிந்து ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இவங்க ஏன் இருட்டுல உக்காந்திருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊரு அப்படி."

"ஊருன்னா யாரு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ பெரிய பங்களாவுல இருக்க. கேட்டுல காவலாளி நிக்கிறான். நான் தெருவுல இருக்கேன். உனக்குக் கேள்வி கேக்கிறது சுலபம். சாப்பிடு முதல்ல."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறி, கைக்குறிப்பு எதுவும் இல்லாமல் பேசினார். இனி கோவிலில் யாரும் எங்கும் உட்காரலாம். நன்மைக்கு ஒரே வரிசை. அடுத்த கல்வியாண்டில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம். அதற்கு முன்னால், வருகிற புதுநன்மைத் திருநாளில் ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே பூசையில் முதன்முதலாக நன்மை வாங்குவார்கள். "இது பிடிக்காதவங்க என்னை வந்து திட்டலாம். பிள்ளைங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று முடித்தார். முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து வெளியேறினார்கள். தையல்காரம்மாவின் மகனும் எழுந்து போனான். அவள் எழுந்திருக்கவும் முடியாமல், நிம்மதியாக உட்காரவும் முடியாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மகன் பங்குப் பேரவையில் முக்கியமானவன். கோவில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து திருவிழாப் பந்தல் வரைக்கும் அவன் கைபடாமல் நடக்காது. "மாமாவுக்குப் புத்தி பிசகிப்போச்சு. இத்தனை வருஷமா இந்தக் கோவிலைத் தூக்கி நிறுத்தினது யாரு? அவங்களா, நாமளா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுவான். ஆயர் வருகிற திங்கட்கிழமைகளில் மாடியை விட்டு இறங்கமாட்டான். சின்ன வயதில் அவனுக்கு சைக்கிள் பழக்கியது அந்த மாமாதான். அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் பின்னாலேயே ஓடுவார். இப்போது மாமா வாசற்படி ஏறி வரும் சத்தம் கேட்டால் மாடியில் கதவு அறைந்து சாத்தப்படும்.

ஆயரின் கார் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். மதில் சுவரில் எழுதக்கூடாததை எழுதினார்கள். அவர் ஓட்டுநரை அனுப்பிவிட்டு நடந்தே போய்வர ஆரம்பித்தார். பிடிவாதம் பிடித்த மனிதர். சின்ன வயதில் மருந்து குடிக்கமாட்டேன் என்று அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு பாதி நாள் உட்கார்ந்திருந்த அதே பிடிவாதம். "கொஞ்சம் மெதுவாத்தான் போயேன், ஜனங்க பழகட்டும்" என்று அக்கா கெஞ்சினாள். "மெதுவாப் போயித்தான் அக்கா இத்தனை தலைமுறை ஆச்சு" என்றார். அக்காவின் கடை என்ன ஆகும், அவள் மகனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. அது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது.

புதுநன்மைக்கு ஊரில் அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் வெள்ளைக் கவுன் அவள்தான் தைப்பாள். அந்த வருஷம் காஜாக்காரியின் கடைசி மகளும் புதுநன்மை வாங்குகிறாள். காஜாக்காரி ஒருநாள் சாயங்காலம் கைப்பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நல்ல துணி. "அம்மா, நீங்கதான் வெட்டித் தரணும். உங்க வெட்டு யாருக்கும் வராது" என்றாள். தையல்காரம்மாவும் சந்தோஷமாகத்தான் நாடாவை எடுத்தாள். பிள்ளையை வரவழைத்து, முதல் தடவையாக அந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தி அளவெடுத்தாள். பிள்ளை கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றது.

அதை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் தாய்மார்கள் கூட்டமாக வந்தார்கள். பேசியவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் மனைவி. குரலை உயர்த்தவேயில்லை. "உங்க தம்பி பண்றதுக்கு நீங்க என்ன செய்வீங்க, பாவம். நாங்க அதைக் கேக்க வரலை. ஆனா எங்க பிள்ளைங்க போடுற கவுனும் அந்தப் பிள்ளை போடுற கவுனும் ஒரே மேசையில வெட்டினதா இருக்கக்கூடாது. முடிவு உங்க கையில" என்றாள். மருமகள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஒரு துணிதான் அத்தை. எங்களுக்குத் தெருவுல தலைகாட்ட முடியல" என்றாள்.

தையல்காரம்மா அன்று முழுக்க மிஷினை மிதிக்கவில்லை. சாயங்காலம் காஜாக்காரி கிளம்பும் நேரத்தில் துணியை மடித்து அவள் கையில் கொடுத்தாள். வெட்டாத துணி.

"இப்ப வேண்டாம்டி. கொஞ்ச நாள் போகட்டும். உனக்குத் தெரியாததா?"

காஜாக்காரி துணியைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "தெரியும்மா" என்றாள். தன் ஊசிப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தையல்காரம்மாவே நடையில் உட்கார்ந்து காஜா எடுத்தாள். அந்த வெளிச்சத்தில் ஊசிக்கண் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் எப்படி எடுத்தாள் என்று முதன்முதலாக யோசித்தாள்.

புதுநன்மை நாளன்று கோவில் வாசற்படியில் ஆண்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் தையல்காரம்மாவின் மகன். தெருவின் இந்தப் பக்கத்தில் வெள்ளைப் பிள்ளைகளும் தாய்மார்களும், அந்தப் பக்கத்தில் கறுப்புப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும். காஜாக்காரியின் மகள் கவுன் போட்டிருந்தாள். மிஷின் படாமல் முழுக்கக் கையாலேயே தைத்தது. அக்குளுக்குக் கீழே வெட்டு கொஞ்சம் பிசகி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள்.

ஆயர் கோவிலுக்குள்ளிருந்து முழுப் பூசை உடுப்போடு வெளியே வந்தார். நேராக மேல்படியில் வந்து நின்று, "வழி விடுங்க. பிள்ளைங்க வெயில்ல நிக்குது" என்றார். யாரும் அசையவில்லை. அவர் தாமே கோத்திருந்த கைகளுக்கு நடுவில் புகுந்து, கீழே நின்ற பிள்ளைகளை நோக்கிக் கையை நீட்டினார். காஜாக்காரியின் புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. தையல்காரம்மா பக்கவாட்டில், தூணுக்கு அருகில் நின்றிருந்தாள். மகனின் உள்ளங்கை மாமாவின் நெஞ்சில் பதிந்ததையும், முழங்கை நிமிர்ந்ததையும் அவள் பார்த்தாள். ஆயர் பின்னால் சாய்ந்து, கால் அங்கியில் சிக்கி, பக்கவாட்டில் படிகளில் உருண்டார். மூட்டைக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். கை நழுவியது. கால் எலும்பு முறிந்த சத்தம் தெருவின் மறுபக்கம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கைகள் தாமாகவே அவிழ்ந்தன. ஆயர் கல்லில் கிடந்தபடியே, முகம் வெளுத்து, "முதல்ல பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். சின்னக் குருவானவர் அழுதுகொண்டே பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போனார். இரண்டு பக்கப் பிள்ளைகளும் தாறுமாறாகக் கலந்து ஓடினார்கள். பிரித்து நிறுத்த அன்று யாருக்கும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் ஆயரை அறுவைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மயக்கம் தெளிய நேரமாகும் என்றார்கள். நடையில் கூட்டம் நின்று கிசுகிசுத்தது. மூட்டைக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். ஆயரின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது அவன்தானாம். பார்த்தவர்கள் நிறையப் பேராம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்ல, சொல்லச் சொல்ல அது உறுதியாகிக்கொண்டே போனது.

மகன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தையல்காரம்மா அவன் முன்னால் போய் நின்றாள்.

"அந்த ஆளு இழுத்ததை நீ பாத்தியா?"

"எல்லாரும் பாத்தாங்க."

"எல்லாரையும் கேக்கல. உன்னைக் கேக்கிறேன்."

"நான் தள்ளணும்னு நினைக்கல அம்மா. ஒதுங்குங்கன்னுதான்... மாமா விழுவார்னு..." என்றவன் சட்டென்று குரலை மாற்றினான். "நீ வீட்டுக்குப் போ. இதுல தலையிடாதே. மாமா எழுந்ததும் அவரே எதுவும் வேண்டாம்னு சொல்லிடுவார். எல்லாம் ஆறிடும்."

"அதுவரைக்கும் அந்த ஆளு?"

"அவனுங்களுக்கு இதெல்லாம் புதுசா?"

அவள் ஆஸ்பத்திரியை விட்டு இறங்கினாள். காவல் நிலையம் இருந்த தெருமுனை வரைக்கும் போனாள், திரும்பினாள். பெற்ற பிள்ளை. காய்ச்சலில் கிடந்தபோது மார்மேல் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த பிள்ளை. வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் தன்னைக் கேட்கப் போவதில்லை என்று நினைத்தாள். அப்போது நிலையத்து வாசலில், வெயிலில், காஜாக்காரி மகளோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. உள்ளே விடவில்லை போல. பிள்ளை இன்னும் அந்தக் கவுனைக் கழற்றவில்லை. காஜாக்காரி இவளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை, எதையும் எதிர்பார்க்கவுமில்லை. எதையும் எதிர்பார்க்காத அந்த முகம்தான் இவளைப் படியேற வைத்தது.

அதிகாரி ஆயரின் அக்கா என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"நீங்க பிடிச்சு வச்சிருக்கிற ஆளு என் தம்பியைத் தாங்கத்தான் கையைப் பிடிச்சார். தள்ளினது என் மகன்."

அதிகாரி பேனாவை எடுத்து, எடுத்ததைக் கீழே வைத்தார். "அம்மா, அதிர்ச்சியில இருக்கீங்க. பெத்த பிள்ளை. வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது. இப்பவே எழுதுங்க."

எழுதினார்கள். மூட்டைக்காரரை அன்றே விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவர் இவளைத் தாண்டி நேராக மகளிடம் போனார்.

மயக்கம் தெளிந்த ஆயரிடம் அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும் அக்கா. அவன் கைதான். ஆனா கேட்டா நான் பாக்கலைன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா அந்த மனுஷன் உள்ளயே கிடந்திருப்பான்."

ஆயர் கண்ணை மூடிக்கொண்டார். "மன்னிக்கிறேன்னு நினைச்சிருப்பேன். அந்த மன்னிப்புக்கு வேற ஒருத்தர் அடி வாங்கியிருப்பார்" என்று முனகினார். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்து, "உனக்கு நான் என்ன செய்வேன்..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்லாதே. நன்றின்னு மட்டும் சொல்லிடாதே. உன் சண்டையில என் பிள்ளை போயிட்டான்" என்று கையை உருவிக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள்.

நீதிமன்றத்தில் ஆயர் ஊன்றுகோலோடு போய் மருமகனுக்காக மன்றாடினார். தண்டனை குறைந்தது. ஆனாலும் அவன் சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்ததும் டயர் கடையை விற்றான். மனைவி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போனான். போகும் நாளில் மாடியிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பல வெள்ளைக் குடும்பத்தினர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு பள்ளி தூரம் என்று சிலர் திரும்பி வந்தார்கள். நன்மைக்கு ஒரே வரிசை என்பது நிலைத்தது. முன்னால் நிற்பவர் யாரென்று பார்த்து, இரண்டடி தள்ளி நிற்கிறவர்களும் இருந்தார்கள். ஆயர் ஊன்றுகோலை விடவேயில்லை, கொள்கையையும் விடவில்லை. தலைமையிடத்துக்கு அவர்மேல் புகார்கள் போனபடி இருந்தன.

தையல்காரம்மா ஒருநாள் பாலம் தாண்டினாள். அந்த வயதுவரைக்கும் அந்தப் பக்கம் அவள் கால் பட்டதில்லை. காஜாக்காரியின் வீட்டை விசாரித்து விசாரித்துத்தான் கண்டுபிடித்தாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு பழைய மிஷினும், வெட்டிப்போட்ட துணிகளும் தெரிந்தன.

"நீங்க திரும்ப வரணும். முன்னறையில ஜன்னலோரம் மிஷின் சும்மா கிடக்கு. நீங்கதான் உக்காரணும்" என்றாள் தையல்காரம்மா.

காஜாக்காரி மெல்லச் சிரித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு 'நீங்க'ளா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "என் வீட்டுக்காரரை மீட்டுக் குடுத்தீங்க. அதை என் குடும்பம் மறக்காது. அதுக்கு நீங்க என்ன பறிகொடுத்தீங்கன்னும் தெரியும். நானும் பெத்தவதான். ஆனா அன்னிக்குத் துணியை மடிச்சு என் கையில வச்சீங்களே, அப்ப உங்களை யாரும் கழுத்தைப் பிடிக்கல. சும்மா நாலு பேர் வந்து பேசினாங்க, அவ்வளவுதான். என்னால அங்க வந்து உக்கார முடியாதும்மா."

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று காஜாக்காரி உள்ளே கூப்பிட்டாள். இருவரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார்கள். மூட்டைக்காரரின் ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மருமகள் பேரப்பிள்ளைகளைக் காட்ட வந்தாள். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். கூச்சப்பட்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றார்கள். மருமகள் சீக்கிரமே கிளம்பினாள். தயங்கித் தயங்கி, "அவரும் வந்திருக்கார் அத்தை. தெரு முக்குல கார்ல இருக்கார்" என்றாள்.

தையல்காரம்மா குடையை எடுக்காமலே இறங்கி நடந்தாள். காருக்குள் மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கண்ணாடி இறங்கவில்லை. மழைத்தண்ணீர் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் அழுகிறானா இல்லையா என்று தெரியவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். கேட்டது உள்ளே எட்டியதா என்றும் தெரியவில்லை. மருமகள் பிள்ளைகளை ஏற்றினாள். கார் மெதுவாக, அவள் காலில் சேறு தெறிக்காதபடி, ஒதுங்கிப் போனது.